நான் விடப்பட்டால் படிப்பதற்கு நீ எழுதி வைத்தது

உன் மகள் ரேச்சல் நேற்று ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். சீனப் புத்தாண்டுக்கு வீடு வீடாக வந்து சேருமே, அந்தப் பெரிய சதுர டின். மூடியைச் சுற்றிப் பழுப்பு நிற ஒட்டுத்தாள். அதன் மேல் உன் கோணல் கையெழுத்து: "ஸ்டெல்லாவுக்கு. நான் எடுத்துக்கொள்ளப்பட்ட பிறகு மட்டும் திறக்கவும்." "மட்டும்" என்பதற்குக் கீழே இரண்டு கோடு வேறு.

"அம்மா கட்டிலுக்கு அடியில இருந்துச்சு ஆன்டி," என்றாள் ரேச்சல். "குடுக்கலாமா வேணாமான்னு ஒரு வாரமா யோசிச்சேன். அம்மா எடுத்துக்கொள்ளப்படல. செத்துத்தானே போனாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்தான். உன் பெண் அல்லவா, சட்டம் பேசுகிறாள். எடுத்துக்கொள்ளப்படுதல் என்றால் உன் சபையில் ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. இயேசு முதலில் இரகசியமாக வருவார். மெய்யான விசுவாசிகள் கண் மூடித் திறப்பதற்குள் மேலே போய்விடுவார்கள். மிச்சமிருப்பவர்கள் இங்கேயே கிடந்து அந்திக்கிறிஸ்துவிடம் மாட்டிக்கொண்டு ஏழு வருட உபத்திரவத்தை அனுபவிப்பார்கள். அதற்கப்புறம்தான் எல்லாரும் பார்க்க அவர் வருவார். மிச்சமிருப்பவர்களின் பட்டியலில் உனக்குத் தெரிந்த முதல் பெயர் என்னுடையது. கத்தோலிக்கச்சி.

ரேச்சல் போன பிறகு திறந்தேன். மூடியைத் தூக்கியதும் உன் தலைவலித் தைலத்தின் வாசனை எழுந்து வந்து என்னை நாற்காலியில் உட்கார வைத்தது. உள்ளே இரண்டு கிலோ அரிசிப் பொட்டலம், நாலு சார்டின் டின், மெழுகுவத்தி, தீப்பெட்டி, தைலம் ஒரு பாட்டில், ஓரமெல்லாம் கோடு போட்ட ஒரு பழைய வேதாகமம், உன் வீட்டுச் சாவி. எல்லாவற்றுக்கும் மேலே நாலாக மடித்த ஒரு தாள்.

"ஸ்டெல்லா, நீ இதைப் படிக்கிறேன்னா நான் போயிட்டேன், நீ இருக்கே. பயப்படாதே. இப்போ நான் உன்கூடப் பேசறதில்லை, அது வேற விஷயம். நெத்தியிலயோ கையிலயோ அந்திக்கிறிஸ்து ஆள் எவன் முத்திரை போட வந்தாலும் விடாதே. என் வீட்டுல வந்து தங்கிக்கோ. பூனைக்குச் சோறு வை, அதை எடுக்க மாட்டாங்கன்னு பாஸ்டர் சொல்லிட்டார். ஏழு வருஷம்தான். பல்லைக் கடிச்சிட்டு இரு. கடைசியில பார்ப்போம்."

நீ என்னோடு பேசாமல் இருந்தது ஒரே ஒரு முறைதான். இரண்டு மாதம். அது நடந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அப்போது எழுதிய கடிதம் இது. ஆனால் சார்டின் டின்னைத் திருப்பிப் பார்த்தேன். காலாவதி ஆக இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. அரிசியிலும் ஒரு வண்டு இல்லை. அப்படியென்றால் இத்தனை வருடமும் பழையதை எடுத்துப் புதியதை வைத்துக்கொண்டே இருந்திருக்கிறாய், உடம்புக்கு முடியாத காலத்தில்கூட. எனக்கு உன்மேல் கோபம்தான் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

அதனால் இதை எழுதுகிறேன். உன் கடிதத்துக்குப் பதில் போட வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

நாம் புக்கிட் தெங்கா ஃபேக்டரியில் ஒரே லைனில் சேர்ந்தபோது, இருவருமே பாலத்துக்கு அப்பால் தீவில் இருப்பவர்கள் என்பது ஒன்றுதான் நமக்குள் பொதுவாக இருந்தது. என்னிடம் ஒரு பழைய காடி இருந்தது. உன்னிடமும் லைசென்ஸ் இருந்தது. ஆளுக்கு ஒரு வாரம் ஓட்டலாம் என்று பேசிக்கொண்டோம். முதல் நாளே நீ பாலம் ஏறுவதற்கு முன்னால் ஓரமாக நிறுத்தி, இறங்கி, என் பக்கக் கதவைத் திறந்தாய்.

"நீ ஓட்டு லா."

"ஏன், பாலம்னா பயமா?"

"பாலத்துக்கு என்ன பயம்? நடுவுல என்னை எடுத்துட்டா ஸ்டேரிங்கை யார் புடிக்கிறது? நீ எப்படியும் இங்கதான் இருப்பே."

நீ விளையாடவில்லை என்று தெரிய எனக்கு ஒரு வாரம் ஆனது. அதன் பிறகு பாலத்தில் எப்போதும் நான்தான். உன் வாரத்தில், ஜெலுத்தோங்கில் உன் பிளாட் வாசலிலிருந்து பாலம் வரைக்கும் நீ, பாலத்தில் நான், இறங்கியதும் மறுபடி நீ. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் திட்டுவார்கள். நீ அவர்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டு உட்காருவாய்.

"அப்போ ஏழு வருஷமும் இந்த ஜாம்ல நான் ஒருத்தியே நிக்கணுமா?"

"ஜாம் ஏது? பாதிப் பேர் போயிருப்பாங்க."

"பாதியா? உங்க சபையில மொத்தமே எண்பது பேர்தானே லா!"

இந்த வழக்கு எத்தனை வருடம் நடந்தது! உங்கள் சபைச் சுவரில் கால வரைபடம் ஒன்று தொங்கும். ஆதாமில் தொடங்கிப் புதிய வானம் புதிய பூமி வரை, பச்சை, மஞ்சள், சிவப்பு. நீ அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பாய். நான் அதற்கு ரயில் அட்டவணை என்று பெயர் வைத்தேன். எங்கேயாவது நிலநடுக்கம் என்றால், வருகை நெருங்கிவிட்டது என்று, மறுநாள் காலை உன் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும், அதுவே எனக்கு எரிச்சலாக வரும். "அங்க ஜனங்க செத்துக் கிடக்காங்க, நீ பெட்டி கட்டறியா?" என்று ஒருநாள் கத்திவிட்டேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். ஃபேக்டரிக் கேட் வந்ததும், "நீ சொன்னது சரிதான். ராத்திரி அவங்களுக்காக முழங்கால் போட்டு ஜெபம் பண்ணேன். அதையும் சொல்லியிருக்கணும்," என்றாய். உன்னிடம் தோற்கும்போது எனக்கு வலித்ததில்லை. ஜெயிக்கும்போதுதான் ஒருமாதிரி இருக்கும்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. எனக்கு என் சபையின் போதனை என்னவென்றே தெரியாது. உன்னுடையது தவறு என்பது மட்டும் உறுதியாகத் தெரியும். செத்தவர்கள் பாவம் தீரக் காத்திருக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றி நீ கேட்டால் பாதியில் மாட்டிக்கொள்வேன். உடனே, "நாங்க ரெண்டாயிரம் வருஷமா இருக்கோம், நீங்க நேத்து வந்தவங்க," என்று மார் தட்டுவேன். அறிவு தீர்ந்த இடத்தில் வயதைக் காட்டுவது எங்களுக்குக் கைவந்த கலை.

அந்த மத்தியானத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டும். உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், ஆனால் முழுக்கதையையும் சொன்னதில்லை.

மின்சாரப் பராமரிப்புக்காக அன்று லைனை இரண்டு மணி நேரம் நிறுத்தினார்கள். எல்லாரும் கேன்டீனுக்குப் போய்விட்டார்கள். உனக்கு ஒற்றைத் தலைவலி. சூப்பர்வைசர் உன்னை முதலுதவி அறையில் படுக்கச் சொல்லியிருந்தார். உடை மாற்றும் அறையில் நான் மட்டும் இருந்தேன். கிளீன் ரூமுக்குள் ஒரு தூசி போகக் கூடாது என்பதற்காக நாம் தலையிலிருந்து கால்வரை மூடும் அந்த வெள்ளை ஜம்ப்சூட்டுகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அப்போது வந்தது அந்தப் புத்தி.

ஆறு ஜம்ப்சூட்டை எடுத்து நீளப் பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி வைத்தேன். மேலே தலைமூடி, கை நுனியில் கையுறை, கீழே சப்பாத்து. ஆள் மட்டும் இல்லை. எடுத்துக்கொள்ளப்படுகிறவர்கள் விட்டுப்போவார்கள் என்று நீ சொல்வாயே, அந்த மாதிரி உடுப்பு அப்படியே சரிந்து கிடக்கிறது. நடுவில் என்னுடையது. அதன் மேல் என் பெயர் அட்டை, என் கண்ணாடி. நான் போய் லாக்கருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நீ வந்து பார்த்து, "அடிப் பாவி!" என்று கத்துவாய், நான் குதித்து வருவேன், ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கலாம். என் திட்டம் அவ்வளவுதான்.

நீ வந்தாய். கண் இன்னும் தூக்கத்தில் இருந்தது. மிஷின் சத்தம் எப்போதும் கேட்கும் இடத்தில் அன்று ஒரு சத்தமும் இல்லை. பெஞ்சைப் பார்த்தாய். நீ கத்தவில்லை. ஒவ்வொரு உடுப்பாகத் தொட்டுக்கொண்டே வந்தாய். என்னுடையதில் நின்று அட்டையைத் தூக்கிப் பெயரைப் படித்தாய். "ஸ்டெல்லா?" என்றாய், மெதுவாக, நான் பக்கத்தில் தூங்குகிறாற்போல. அப்புறம் தரையில் உட்கார்ந்தாய். என் ஜம்ப்சூட்டின் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"உன்னையும் எடுத்துட்டாரா," என்றாய். "நல்லாரு லா."

அதற்குப் பிறகு நீ சொன்னதுதான் இன்னும் என் காதில் இருக்கிறது. "ஆண்டவரே, நான் என்ன தப்புப் பண்ணேன்?"

என்னால் வெளியே வரமுடியவில்லை. நீ சத்தமில்லாமல் அழுவதை லாக்கர் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு நிமிடம் இருக்கலாம். ஒரு நிமிடம் தாமதித்தேன் என்பதைத்தான் உன்னிடம் நான் ஒருபோதும் சொல்லவில்லை. சிரிப்பு நின்ற பிறகும், வெட்கத்தில், உன்னை அப்படியே விட்டுவைத்தேன்.

நான் வெளியே வந்தபோது நீ நிமிர்ந்து பார்த்தாய். முதலில் உன் முகத்தில் வந்தது சந்தோஷம். அப்புறம் உனக்குப் புரிந்தது. நீ திட்டவில்லை. எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உன் ஜம்ப்சூட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாய். அன்று சாயங்காலம் ஃபேக்டரி பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போனாய். அடுத்த இரண்டு மாதமும் பஸ்தான்.

தினமும் காலையில் உன் பிளாட் வாசலில் காடியை நிறுத்திக் காத்திருப்பேன். நீ குடையை என் பக்கம் சாய்த்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்து போவாய். வெயிலிலும் குடை! மனிதனை வெறுப்பேற்ற நீ யாரிடமும் போய்ப் படிக்க வேண்டியதில்லை. ஒருநாள் மழை கொட்டியது, பஸ் வரவில்லை. கதவைத் திறந்து நனைந்தபடி ஏறி உட்கார்ந்தாய். பாலத்தில் ஏறியதும், என்னைப் பார்க்காமலே பேச ஆரம்பித்தாய்.

"எனக்கு எட்டு வயசு. பள்ளிக்கூடம் விட்டு வரேன். அடுப்புல குழம்பு கொதிக்குது. கதவு திறந்து கிடக்குது. வீட்டுல யாரும் இல்ல. அந்த வாரம்தான் சபையில சொல்லியிருந்தாங்க, அம்மா சமைச்சிட்டு இருப்பாங்க, திடீர்னு காணாமப் போயிடுவாங்கன்னு. நான் அடுப்புக்கு முன்னாடி உக்காந்துட்டேன். அம்மா பக்கத்து பிளாக்ல உப்பு வாங்கப் போயிருந்தாங்க. பத்து நிமிஷம்தான் லா. ஆனா இன்னிக்கு வரைக்கும் காலி வீட்டுல நுழைஞ்சா எனக்கு முதல்ல அதுதான் வரும்."

நான் காடியை ஓட்டிக்கொண்டு அழுதேன். நீ ஒரு டிஷ்யூவை எடுத்து என் மடியில் போட்டாய். "ரோட்டைப் பாரு," என்றாய்.

"என்னை மன்னிச்சிரு டீ."

"மன்னிச்சாச்சு. ஆனா ஒண்ணு. உன் அட்டையைப் பார்த்தப்போ ஒரு நிமிஷம் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. உனக்குக் கிடைச்சிருச்சேன்னு."

எனக்கு அன்றுதான் தெரிந்தது. நான் உன் நம்பிக்கையைக் கேலி செய்துகொண்டிருந்ததாக நினைத்திருந்தேன். உண்மையில் நான் கேலி செய்தது உன் பயத்தை. இரண்டும் உனக்குள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வளர்ந்திருக்கின்றன. விடப்பட்டவளுக்கு என்னென்ன தேவைப்படும் என்று, விடப்படுவோமோ என்று பயந்தவளுக்குத்தான் தெரியும். அதனால்தான் என் டின்னில் அரிசியும் தைலமும் இருக்கின்றன. என்னோடு பேசாமல், குடையைச் சாய்த்துக்கொண்டு நடந்த அந்த நாட்களில்தான் நீ அதைக் கட்டிவைத்திருக்கிறாய் என்று நேற்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த மழைக்குப் பிறகு ஒருநாள் நீ நேராகக் கேட்டாய். "கிண்டல் எல்லாம் இருக்கட்டும். கடைசிக் காலத்தைப் பத்தி உங்க சபை என்னதான் சொல்லுது?"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் ஃபாதரைப் பிடித்தேன். அவர் சிரித்துவிட்டார். "ஏம்மா, விசுவாசப் பிரமாணத்துல அவர் மறுபடியும் வருவார்னு வாரா வாரம் சொல்றீங்களே, உங்க காதுலயே விழலையா?" நாம் நாள் குறிப்பதில்லை, இரகசியமாக ஒன்று வெளிப்படையாக ஒன்று என்று இரண்டாகப் பிரிப்பதில்லை, திருச்சபையும் கடைசிச் சோதனையைத் தாண்டித்தான் போகும், தப்பித்து மேலே போகாது, அதன் முடிவில் அவர் வருவார் என்றார். "நாமும் காத்திருக்கிறவங்கதான்," என்று அவர் சொன்னது எனக்குப் புதிதாக இருந்தது. நாற்பது வயதில் என் சொந்தச் சபையை உன் புண்ணியத்தில் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் உன்னிடம் ஒப்பித்தேன். நீ கன்னத்தில் கை வைத்துக்கொண்டாய். "அப்போ நீங்களும் காத்திருக்கீங்களா? நீங்க புக்கிட் மெர்தாஜாம் கோயில் திருவிழாவுக்கு மட்டும்தான் காத்திருக்கீங்கன்னு நான் நினைச்சேன்."

"உபத்திரவத்துல நாங்க பாதியில இறங்கிட மாட்டோம். கடைசி ஸ்டாப் வரைக்கும் போவோம்," என்று நானும் விடவில்லை.

அதன் பிறகும் சண்டை போட்டோம். ஆனால் ஒரே ஆளுக்காகக் காத்திருக்கும் இருவர் போடும் சண்டையாக அது ஆகிவிட்டது. அவர் எந்த வழியாக வருவார், எத்தனை மணிக்கு வருவார் என்பதில்தான் தகராறு.

உன் நோய் வந்த வருடமே உன் சபையிலும் தகராறு வந்தது. பழைய பாஸ்டர் ஓய்வு பெற்றார். புதிதாக வந்தவர் அந்த வண்ண வரைபடத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டார். இரகசிய வருகை என்று தனியாக ஒன்று கிடையாது, விசுவாசிகளும் உபத்திரவத்தின் வழியாகத்தான் போகவேண்டும், வருகை ஒன்றே என்று பிரசங்கித்தார். பாதிப் பேர் எழுந்து வெளியே போய், வேறொரு கடை வீட்டு மாடியில் பழைய போதனையோடு கூடினார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்கு இரண்டு தரப்பும் வந்தது. காலையில் வந்தவர்கள், "கலங்காதீங்க சிஸ்டர், எந்த நிமிஷமும் எடுத்துக்குவார்," என்று ஜெபித்தார்கள். சாயங்காலம் வந்தவர்கள், "கலங்காதீங்க சிஸ்டர், உபத்திரவத்துலயும் கூட இருப்பார்," என்று ஜெபித்தார்கள். நீ இருவருக்கும் ஆமென் சொல்லிவிட்டு, அவர்கள் கொண்டுவந்த ஆரஞ்சுப் பழத்தை எனக்கு உரித்துக் கொடுத்தாய்.

அவர்கள் போன பிறகு கேட்டாய். "ஸ்டெல்லா, முப்பது நாப்பது வருஷமா நான் நம்புனது தப்பா?"

இத்தனை வருடமாக நான் காத்திருந்த கேள்வி. புதுப் பாஸ்டர் சொன்னதும் எங்கள் ஃபாதர் சொன்னதும் ஏறக்குறைய ஒன்றுதான். "பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்ல எனக்கு முழு உரிமையும் இருந்தது. உன் கை எலும்பாக இருந்தது. எனக்கு ஜெயிக்க ஆசையே வரவில்லை.

"எனக்குத் தெரியாது லா," என்றேன். அது பொய் இல்லை.

நீ போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாய். "எது சரியோ, அது கெடக்கட்டும். இந்த மருந்து போட்டா நாள் முழுக்கத் தூங்கறேன். அவர் வர்றப்போ நான் தூங்கிட்டு இருந்தா? எல்லாரும் போயி, நான் முழிச்சுப் பார்த்தா யாரும் இல்லன்னா?"

அந்த எட்டு வயதுப் பெண் அங்கே படுத்திருந்தாள். அவளை ஒரு தடவை நான் லாக்கருக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முறை ஏதாவது சொல்லியே ஆகவேண்டும். ஃபாதர் சொன்னது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ஃபேக்டரிதான் வந்தது.

"ஃபயர் டிரில் நடக்கும்போது நம்ம மாடிக்கு யார் வார்டன்?"

"நீதான். அதுக்கென்ன இப்போ?"

"கீழ கூட்டிட்டு வந்து தலை எண்ணுவேன் இல்லியா. ஒரு தடவை ஒண்ணு குறைஞ்சுச்சு. நிஜமாவே புகை வந்த அன்னிக்கு. அப்போ என்ன பண்ணேன்?"

உன் வாய் கோணியது. "ரூலை மீறி உள்ள ஓடுனே. கேன்டீன்ல சமைக்கிற மாக்சிக் அம்மா பாத்ரூம்ல இருந்தாங்க. உனக்கு வார்னிங் லெட்டர் குடுத்தாங்க."

"அவங்க தயாரா நின்னாங்களா? முழிச்சிருந்தாங்களா? ஒண்ணும் இல்ல. அலாரமே கேக்கல, பாட்டுப் பாடிட்டு இருந்தாங்க. எண்ணிக்கை சரியா வரலன்னா எனக்கே கால் நிக்கல. அவருக்கு எப்படி நிக்கும்? உன்னை எண்ணாம அவர் கேட்டைச் சாத்துவாரா?"

நீ என் பக்கம் திரும்பிக் கேட்டாய், "இதை உங்க சபையில சொல்லித் தர்றாங்களா?"

"இல்ல. ஃபேக்டரியில."

நீ சிரித்தாய். சிரிப்பு இருமலாகி, தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவிவிட்டு, உன்னைச் சாய்த்து வைத்தேன். நான் சொன்னதை நீ நம்பினாயா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. நோயாளியைச் சமாதானப்படுத்த ஏதோ சொல்கிறாள் என்று நீ விட்டுவிட்டிருக்கலாம். அதைக் கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை.

மூன்று நாள் கழித்து ஒரு மத்தியானம். நீ நல்ல தூக்கத்தில் இருந்தாய். பக்கத்துக் கட்டில் அம்மாவைக் காலையிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். படுக்கை விரிப்பை உருவிவிட்டார்கள். ரேச்சல் கடையில் சாப்பாடு தாப்பாவ் பண்ணி வாங்கிவரப் போயிருந்தாள். அப்போது பார்த்து ஒலிபெருக்கியில் என் காடி நம்பர்! வேறொருவரின் காடியை மறித்துப் போட்டிருந்தேன். ஐந்து நிமிடத்தில் வந்துவிடலாம் என்று ஓடினேன். கீழே அந்த மனிதரிடம் திட்டு வாங்கி, மூன்று சுற்றுச் சுற்றி வேறு இடம் பிடித்து, லிஃப்டுக்கு வந்தால் வாசலில் ஒரு கூட்டமே நிற்கிறது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இருபது நிமிடம் ஆகியிருந்தது. அப்போதுதான் உறைத்தது. நீ கண் விழித்தால் அந்த அறையில் யாரும் இல்லை. காலிக் கட்டில், காலி நாற்காலி, அதன் மேல் சரிந்து கிடக்கும் என் சால்வை.

நாலு மாடி. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு படியில் ஓடினேன். அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்து முடிக்க மூச்சு இல்லை. உன்னை இரண்டாவது தடவையும் அப்படியே விட்டுவிட்டேன் என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது.

கதவைத் தள்ளினேன். நீ விழித்திருந்தாய். தலையணையில் ஒருக்களித்து, கதவுப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு படுத்திருந்தாய்.

"எப்போ முழிச்சே?" எனக்கு மூச்சு வாங்கியது.

"கொஞ்ச நேரம் ஆச்சு."

"பயந்துட்டியா?"

நீ என்னை ஏற இறங்கப் பார்த்தாய், என்ன கேள்வி கேட்கிறாள் இவள் என்பதுபோல. "ஏன் பயப்படணும்? நீ வருவேன்னு தெரியுமே லா."

அவ்வளவுதான். திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டாய். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, உன் காலைப் பிடித்துக்கொண்டு, ரேச்சல் சோற்றோடு வரும்வரை அழுதேன். துக்கத்தில் இல்லை. அது என்ன என்று அவளுக்குச் சொல்ல முடியவில்லை, உனக்குச் சொல்கிறேன். நாற்பது வருடத்துக்கு மேலாக உனக்குள் உட்கார்ந்திருந்த ஒன்று எழுந்து போனதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அந்த வாரக் கடைசியில் நீ போனாய், தூக்கத்திலேயே. உன் அடக்கத்துக்கு இரண்டு தரப்பும் வந்து, நடுவில் வழி விட்டு, இரண்டு பக்கமாக உட்கார்ந்தது. பழைய பாஸ்டர் ஒரு கால அட்டவணை சொன்னார், புதியவர் இன்னொன்று சொன்னார். கத்தோலிக்கச்சி நான் பின்வரிசையில் உட்கார்ந்து இருவரையும் கேட்டேன். எனக்கு இன்னும் எது சரி என்று தீர்ப்புச் சொல்லத் தெரியாது. என் சபை சொல்வதை நம்புகிறேன், அது என் வீடு. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அவர் வரும்போது, அவருக்குள் தூங்கினவர்கள், அவரை நம்பி இறந்துபோனவர்கள், எழும்பி அவரோடு இருப்பார்கள் என்று பழையவரும் சொன்னார், புதியவரும் சொன்னார். எங்கள் ஃபாதரும் அதையேதான் சொல்வார். அந்த ஓர் இடத்தில் மூன்று பேரும் ஒரே கட்சி.

எனக்கு அது போதும். என் வீட்டில் நான் ஒருத்திதான். காலையில் கண் விழிக்கும்போது அறை காலியாக இருக்கிறது. உடனே எழுந்திருப்பதில்லை. நீ படுத்திருந்த மாதிரியே ஒருக்களித்து, கதவுப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிடக்கிறேன். பயமாக இல்லை. அவரும் நீயும் வருவீர்கள் என்று தெரியுமே லா.